கரடியின் கால்விரல்

கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சமூகக்கூடத்தில் நடந்த முகமூடி ஆட்டத்தின் காலை வகுப்புக்கு ஒரு மாதமாக வந்துகொண்டிருந்தாள் திலோத்தமை. "ஆட்டம் பாட்டமெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாது" என்று சொல்பவர் அவள் மாமனார் வேதகிரி. நிறைவு நாளன்று காலை வகுப்பும் மாலை வகுப்பும் முதல்முறையாகச் சேர்ந்து ஆடின. காகிதக்கூழில் தானே செய்த மயில் முகத்தை மாட்டிக்கொண்டு அவள் இறங்கியதும் பறை அதிர்ந்தது. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு கரடி வந்தது. எல்லாரையும்விட உயரமாகக் குதித்தது. அதன் வலது கால் பெருவிரலில் மஞ்சள் பத்துப் போட்டுக் கட்டிய துணியைப் பார்த்ததும் திலோத்தமைக்கு ஆட்டத்தில் அடி தவறியது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்ன மாமனாருக்கு அன்று காலையில் அவள்தான் அதைக் கட்டிவிட்டிருந்தாள். ஓசைப்படாமல் நழுவிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் கரடியின் அருகில் போய், "மாமா, கால் வலிக்கலையா?" என்றாள். கரடி அப்படியே உறைந்து நின்றது. பறை மட்டும் வேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் முகமூடிக்குள்ளிருந்து மூச்சிரைக்கக் குரல் வந்தது. "வலிக்குதும்மா. அதுக்காக நிறுத்த முடியுமா? தாளம் போகுது பாரு, ஆடு!"