வயர் வச்ச டிரில்

"வயர் வச்சதுதான் வேணும்னு சொல்றேன்ல? அந்த பேட்டரி டிரில்லைத் தூக்கி உள்ளே வைங்க!"

இரவு வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தவனின் கண்கள் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தன. ஒரு மாதமாகப் பகலில் பொட்டுத் தூக்கமில்லை.

"கோபப்படாதீங்க தம்பி. இப்பல்லாம் யாரு வயரை இழுத்துக்கிட்டு அலையறா? பேட்டரின்னா கரண்ட் போனாலும் ஓடும்" என்றார் கடைக்காரர்.

"அதனாலதான் வேண்டாங்கிறேன்!"

கடைக்காரர் திருதிருவென விழித்தார். "கரண்ட் போனா வேலை நின்னுடுமே?"

"நிக்கட்டும்!"

"அப்படி என்னதான் செய்யறீங்க இதை வச்சு?"

"நான் எங்கே செய்யறேன்? மாடி வீட்டுக்காரர் செய்யறார். நான் வந்து கண்ணை மூடினதும் தலைக்கு மேல அலமாரி மாட்ட ஆரம்பிச்சுடுவார். கெஞ்சியும் பார்த்தாச்சு, சண்டையும் போட்டாச்சு. பழசு கெட்டுப்போச்சாம். வர்ற வழியில புதுசு வாங்கிட்டு வான்னு என்கிட்டேயே சொல்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!"

"அப்ப வெறுங்கையோட போயிடுங்களேன்?"

"வேற ஆளை அனுப்பி பேட்டரியில வாங்கிடுவார். வயர் வச்சதையே கட்டுங்க. அவர் வீட்டு மெயின் சுவிட்ச் என் வாசல்லதான் இருக்கு."