காது கிழிந்த மான்

"இதுவும் இல்லப்பா. இதுக்கு ரெண்டு காதும் முழுசா இருக்கு."

எட்டு வயது பிரிட்டா துப்பாக்கியிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். மரத்தடியில் பனியில் நின்ற ஆண்மான், அவசரமில்லாமல் புதருக்குள் போனது. காலையிலிருந்து இது மூன்றாவது.

மரத்தின்மேல் கட்டிய வேட்டைப் பரணில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த அவள் அப்பா லைலுக்கு எரிச்சலாக வந்தது.

"கொழுகொழுன்னு நின்னுச்சு. விட்டுட்டியே. இன்னிக்கு வேட்டை சீசன் கடைசி நாள், தெரியும்ல?"

"அம்மாவைக் கொன்னது அது இல்லையே. தப்பு பண்ணாததை எதுக்குச் சுடணும்?"

லைல் ஃபிளாஸ்கைத் திறந்து அவளுக்குக் கோக்கோ ஊற்றிக் கொடுத்தான். மூக்கு சிவந்து, பெரிய ஆரஞ்சுக் கோட்டுக்குள் பாதி முகம் புதைந்து, பார்க்கவே பாவமாக இருந்தாள்.

அவளை அழைத்துவர அவனுக்கு இஷ்டமே இல்லை. அவள் மாமா வெர்ன்தான் விடவில்லை. எட்டு வயதானால் காட்டுக்கு வர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கோடை முழுக்க அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"மாமாவும் நானும் சத்தியம் பண்ணியிருக்கோம்பா. அதைத் தவிர வேற எதையும் சுட மாட்டோம்."

"இத்தனை பெரிய காட்டுல அதை எப்படிடா கண்டுபிடிப்பே?"

"நீதானே சொன்னே. பெரிய மான், இடது காது கிழிஞ்சிருந்துச்சு, திடீர்னு காருக்குக் குறுக்கே பாஞ்சுதுன்னு. நீ வண்டியைத் திருப்பினே, மரத்துல மோதிடுச்சுன்னு."

விஸ்கான்சினில் நவம்பர் மாதம் கார் நொறுங்கினால், மான் குறுக்கே வந்தது என்று சொன்னால் போதும். கேட்பவர்களும் ஒன்றிரண்டு மான்மீது மோதியவர்களாகத்தான் இருப்பார்கள். உச்சுக் கொட்டிவிட்டு, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்கள்.

"அப்பா." பிரிட்டா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்கே பாரு."

ஓடைப் பக்கமிருந்து ஒரு பெரிய ஆண்மான் வந்துகொண்டிருந்தது. இடது காது நுனியிலிருந்து நடுவரை பிளந்து தொங்கியது.

முள்கம்பி வேலியில் காது கிழித்துக்கொண்ட மான்கள் அந்தப் பக்கத்தில் எத்தனையோ உண்டு. லைலுக்கு அது நன்றாகத் தெரியும்.

"அதுதானாப்பா? நல்லாப் பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் சுடுவேன்."

இல்லை என்று சொன்னால் அடுத்த வருடமும் வருவாள். அதற்கடுத்த வருடமும் வருவாள். வளர வளர அவள் கேட்கும் கேள்விகளும் வளரும்.

"அதுதான்மா," என்றான்.

ஒரே குண்டு. நாலடி ஓடி, மான் முழங்கால் மடிந்து விழுந்தது.

சத்தம் கேட்டு வெர்ன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காதைப் பார்த்தார். பிறகு மானின் ரத்தத்தை விரலில் தொட்டு, பிரிட்டாவின் இரண்டு கன்னத்திலும் கோடிழுத்தார்.

"உங்கம்மா மொத மானைச் சுட்டப்பவும் நான்தான்டி தடவிவிட்டேன். இன்னிக்கு அவ நிம்மதியாத் தூங்குவா."

பிரிட்டா சிரிக்கவில்லை. மானின் அருகில் குந்தி, அதன் திறந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வலிக்காமச் செத்துச்சாப்பா?"

"வலிச்சிருக்காது."

வெர்ன் லைலைக் கட்டிக்கொண்டு குலுங்கி அழுதார். "என் தங்கச்சிக்கு நியாயம் கிடைச்சிருச்சு, மாப்ளே."

லைல் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

கார் மரத்தில் மோதிய அன்று சாயங்காலம் அந்தச் சாலையில் எந்த மானும் குறுக்கே வரவில்லை. "நீ நிதானத்துல இல்ல, சாவியை என்கிட்ட குடு" என்று மதுக்கடை வாசலில் அவன் மனைவி இரண்டு தடவை கேட்டாள், அவன் கொடுக்கவில்லை.