குறுக்கே வராத வீடு

திரையிலிருந்த வீட்டு வரைபடத்தில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் மறுபடியும் அதே இடத்தில்தான் வெட்டிக்கொண்டன.

பரணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நீலம், கந்தவேல் வீட்டுக்குள் நடக்கும் வழி. சிவப்பு, அவர் மனைவி கண்ணம்மாள் நடக்கும் வழி. இரண்டும் எங்கும் சந்திக்கக் கூடாது. மண்ணரை ஊரில் பனியன் கம்பெனி நடத்தும் அந்தத் தம்பதி புது வீட்டுக்குக் கேட்டது அது ஒன்றைத்தான்.

கம்பெனியில் அது நடக்கிறது. துணி பின்னும் நிட்டிங் பக்கம் அவர், தையல் பக்கம் இவர். பேச்செல்லாம் சூப்பர்வைசர் தவசி வழியாக.

பிரிந்து போகலாமே என்றால் அதுவும் முடியாது. கம்பெனி இருவர் பெயரிலும் இருக்கிறது. ஊர் வாயில் விழவும் இருவருக்கும் மனமில்லை. அதனால் ஒரே வாசல், ஒரே சமையலறை, ஒரே முருகன். உள்ளே மட்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது.

மனித மூளைக்கு இது ஆகாத வேலை. பரணியின் கம்ப்யூட்டருக்கு அலுப்பு கிடையாது. எது வேண்டும், எது கூடாது என்று சொல்லிவிட்டால் போதும். காலையிலிருந்து தானாகவே வீடு வீடாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டியதுமே நடையை இரண்டாகப் பிரித்தது. சமையலறைக்கு இரண்டு கதவு வைத்தது. முருகனைக்கூட நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு பக்கமாகக் கும்பிட்டுவிட்டுப் போக வழி கண்டுபிடித்தது. கெட்டிக்காரப் பயல்தான்.

மகள் அறையில்தான் தோற்றது.

மகளின் அறை தன் அறையை ஒட்டியே இருக்கவேண்டும் என்று கந்தவேல் தனியாக வந்து சொல்லியிருந்தார். கண்ணம்மாளும் தனியாக வந்து அதையேதான் சொன்னார். அந்த அறையை எங்கே கொண்டுபோய் வைத்தாலும், அதன் வாசலில் இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

பரணிக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் அழுகையும் இருந்தது.

மகள் அறையை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. கோடுகள் எங்கும் தொட்டுக்கொள்ளவே இல்லை.

அதை அப்படியே இருவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினாள். ஓர் அறை குறைகிறதே என்று இரண்டு பேரில் யாராவது கேட்டால் போதும். இப்படியொரு வீடே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். சொல்லவேண்டியதை மனதுக்குள் கோத்தும் வைத்திருந்தாள்.

கந்தவேலிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

கண்ணம்மாள் போனிலேயே கூப்பிட்டார்.

"நல்லாப் பாத்துட்டேன் கண்ணு. உங்கப்பன் எங்கயுமே குறுக்க வர்றதில்ல. இதையே கட்டீரலாம்."

"சரிங்கம்மா."

பேச்சு முடிந்தும் பரணி போனைக் கீழே வைக்கவில்லை. அம்மாவுக்குத் திடீரென்று நினைவு வந்து, இன்னொரு தடவை கூப்பிடக்கூடும்.