கார்டு போடுகிற பிளேயர்

“இதுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணா” என்று அவள் அந்தப் பாட்டு பிளேயரைக் கடைக்காரரின் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

வைத்த கையோடு கடை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற கணவர் எழுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மூன்று மாதமாக அவள் வயிற்றில் நெருப்பு வைத்தது அந்தத் தீப்பெட்டிதான்.

முதல் பிளேயரை இதே கடையில் வாங்கிக் கொடுத்தவள் அவளே. அவருடைய பிறந்தநாளுக்கு. உள்ளேயே மெமரி இருக்கிற ரகம், ஆயிரம் பாட்டு ஏற்றியது. ஐந்தாம் நாள் பார்த்தால் அவர் கையில் வேறொன்று. மாற்றிவிட்டேன், இது கார்டு போடுகிறது என்றார். ஏன் என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு ஒயரைக் காதில் சொருகிக்கொண்டார்.

“ரெண்டுக்கும் என்னண்ணா வித்தியாசம்?”

“உள்மெமரி சொந்த வீடு மாதிரிம்மா. உள்ள இருக்கிறது உள்ளேயே இருக்கும். கார்டு வாடகை வீடு. நெனச்சா காலி பண்ணிட்டு வேற ஆளைக் குடி வைக்கலாம். ஒரு தடயம் இருக்காது.”

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார் கடைக்காரர். அவள் சிரிக்கவில்லை. யாரைக் குடி வைத்திருக்கிறார் என்பதுதானே அவளுக்குத் தெரிய வேண்டும்.

பிளேயரை மாற்றிய அன்றிலிருந்து கணவர் காதைவிட்டு ஒயர் இறங்குவதில்லை. முன்பும் முதல் கூப்பாட்டுக்குத் திரும்புகிற ஆள் இல்லைதான். இப்போது பத்தாவதுக்கும் திரும்புவதில்லை. தானாகத் தலையாட்டிக்கொள்கிறார். சமயத்தில் யாரும் எதுவும் சொல்லாமலே சிரிக்கிறார்.

போன வாரம் சாப்பாடு கொண்டுபோனபோது அவருடைய வண்டிப் பட்டறையில் அந்தக் காட்சியைப் பார்த்தாள்.

பக்கத்துத் தெரு டீச்சரின் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இவர் குனிந்து, அந்த வண்டியின் இன்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முழுசாக ஒரு நிமிஷம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்தக் கை அவள் நெற்றியில் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

தெருமுனையில் வண்டி திரும்பும்போதே செயின் தளர்ந்திருக்கிறதா, வால்வு தட்டுகிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்கிற மனுஷர். வண்டி டாக்டர் என்று பெயரே உண்டு. அவருக்கு எதற்குத் தொட்டுத் தடவிப் பார்க்கிற வேலை?

டீச்சருக்கு நல்ல குரல். கார்டில் இருப்பது அந்தக் குரல்தான் என்று அவள் அன்றே முடிவுகட்டிவிட்டாள்.

கடைக்காரர் ஓரத்து மூடியை நகத்தால் நெம்பினார்.

“கார்டே இல்லையேம்மா.”

“கழட்டி ஒளிச்சு வச்சிருப்பார்.” இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று எத்தனை வருஷம் நம்பியிருந்தாள்!

“இல்லம்மா. தூசி போகாம இருக்க கம்பெனில ஒரு பிளாஸ்டிக் அட்டை சொருகி அனுப்புவாங்க. அதையே இன்னும் எடுக்கல. இதுல கார்டு போட்டதே கிடையாது.”

“கார்டு இல்லாம பாடுமா?”

“எப்படிப் பாடும்? இதுக்குன்னு சொந்தமா ஒரு பாட்டுகூட கிடையாது.” கொஞ்சம் யோசித்தார். “மாத்த வந்தப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. பழசு பாக்கெட்ல பட்டன் அழுந்தினாலே பாட ஆரம்பிச்சிடுதாம், ஒயரைத் தாண்டி அலறுதுன்னு பஸ்ல சண்டைக்கு வர்றாங்களாம். பாடாத மாதிரி ஒண்ணு குடுங்கன்னார். கார்டு வேணுமான்னு மூணு தடவை கேட்டேன். கடைசில வேணாம்னு தலையாட்டினார்.”

பாடாத பெட்டி எதற்கு ஒரு மனுஷனுக்கு?

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். டீச்சர் இல்லையென்றால் வேறு யார்? பாட்டு கேட்கவில்லையென்றால் காதை அடைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்? இன்றைக்கு நேருக்கு நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

எண்ணெய் காணாத இரும்புக் கதவு கிறீச்சிட்டது. உள்ளே, அவர் எழுந்து வாஷ்பேசின் முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தார். முழங்கை வரை சோப்பு. காதில் ஒயர் இல்லை.

“ஏங்க.”

சோப்பு நுரை மணிக்கட்டிலிருந்து மேலே ஏறியது.

“ஏங்க, உங்களத்தான். இங்க திரும்புங்க.”

திரும்பவில்லை. அவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. பாத்திர அடுக்கிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டாள்.

தட்டு அலறிச் சுழன்று அடங்கியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “என்னக்கா, என்ன விழுந்துச்சு?” என்று ஒரு குரல் பதறியது.

அவர் நிதானமாக நகக்கண்களில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அப்படியே நின்றாள்.

துண்டுக்காகத் திரும்பியபோதுதான் அவர் அவளைப் பார்த்தார். தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. ஈரக்கை சட்டைப் பாக்கெட்டைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு கை காதுக்குப் போய், பாதியில் இறங்கியது. எப்போது வந்தாள், என்ன கேட்டாள், என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த முகம் தவித்தது.

தட்டை அவள் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பிளேயரை நீட்டினாள்.

பறிக்காத குறையாக வாங்கி, அதன் ஒயரை இரண்டு காதிலும் சொருகிக்கொண்டார். ஒரு கணம் கழித்து ஞாபகம் வந்தவர்போல் மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தார். கண் மட்டும் அவள் உதட்டைவிட்டு நகரவில்லை.

அவள் கிட்டே போய், வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற பக்கமாக நின்றுகொண்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னாள்.

“சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க.”

அவர் சிரித்தார். கட்டைவிரலால் பட்டனை இரண்டு தடவை அமுக்கினார்.