வரைபடத்தில் இல்லாத ஜன்னல்

ஆட்சேபணை கொடுக்க இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கட்டட அனுமதிப் பிரிவின் மேஜைமேல், தையல்காரியின் வீட்டை ஒட்டி எழும்பப்போகும் மூன்று மாடி வீட்டின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சுருண்டுகொண்டே வரும் அதன் ஓரத்தை அவள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். காலையில் தைத்த துணியின் சிவப்பு நூல் ஒன்று அவள் முழங்கையில் ஒட்டியிருக்கிறது. பின்னால் பெஞ்சில், அந்த வீட்டைக் கட்டப்போகிற அவளுடைய அண்ணன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கிறார். கொத்தனார் விரல், நகக்கண்ணில் சிமெண்ட் வெளுத்திருக்கிறது. கிலுங், கிலுங். குமாஸ்தா பென்சில் முனையால் வரைபடத்தைத் தட்டுகிறார். “உங்க பக்கம் வெறும் சுவருன்னுதானேம்மா போட்டிருக்கு? இல்லாத ஜன்னலை எப்படி மறைப்பாங்க?” “இருக்கு சார். பதினாறு வருஷமா அந்த வெளிச்சத்துலதான் ஊசியில நூல் கோக்கறேன்.” “போதும், வீட்டுல போய்ப் பேசிக்கலாம் வா,” என்கிறது பின்னாலிருந்து அண்ணனின் குரல். அவள் திரும்பவில்லை. கிலுங், கிலுங். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்க்கிறார். “ஜன்னல் இருக்குன்னு சொல்ல யாராவது உண்டா?” அவள் உள்ளங்கை வியர்த்து, காகிதத்தில் ஈரம் படர்கிறது. “உண்டு சார். இருட்டுல தைச்சா தங்கச்சிக்குக் கண்ணு போயிடும்னு, சுவத்த இடிச்சு அந்த ஜன்னல வெச்சுக் கொடுத்தவரே பின்னால உக்காந்திருக்காரு.” சாவிச் சத்தம் நிற்கிறது.