வெறுங்கை

"காதுக்கு மேல போயிடாதக்கா. போன தடவை வெட்டுனதே இன்னும் வளரல," என்றாள் தங்கை, கழுத்துவரை துணி போர்த்திய நாற்காலியிலிருந்து.

"வாயை மூடிட்டு நேரா உக்காரு."

"உனக்கு லைசென்ஸ் வர்றதுக்குள்ள என் தலையில வெட்ட ஒண்ணும் மிஞ்சாது. அடுத்த வாட்டி எவளையாவது வாடகைக்குத்தான் புடிக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. சிரித்தால் கை ஆடும்.

உரிம அலுவலகத்தின் செய்முறைத் தேர்வு அறை அது. எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் தேர்வாளர் அம்மா கைகட்டி நின்றிருந்தார். மூலை மேசையில் எழுத்தர், அவளுடைய கோப்பின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் முறை விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. சிறைக்குப் போனவர்களுக்கு முடிதிருத்தும் உரிமம் கிடையாது என்றார்கள். மேல்முறையீடு செய்தாள். சரி, ஆனால் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார்கள். நாயாய் அலைந்து வாங்கி வந்தாள். தேர்விலும் தேறினாள். அதற்குள் சான்று காலாவதியாகிவிட்டதாம். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இந்தத் தொழிலைச் சிறைக்குள் வைத்து அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே அரசாங்கம்தான். அந்தச் சான்றிதழிலும் இதே முத்திரைதான். அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அது வேற துறைம்மா," என்றார் எழுத்தர்.

இப்போது ஒரு சலூனில் தரையில் விழும் முடியைக் கூட்டுகிறாள். மாதக் கடைசிக்குள் உரிமம் வந்தால் காலியாக இருக்கும் நாற்காலி அவளுக்கு என்று முதலாளியம்மா சொல்லியிருந்தாள். வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் தயார்.

கடைசி இழையை நறுக்கினாள்.

தேர்வாளர் அருகில் வந்தார். தங்கையின் முடிக்குள் விரல்களை விட்டு, இரண்டு பக்கமும் இழுத்து அளந்தார். பிடரியைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுத்தர் பக்கம் தலையைத் திருப்பி, "நல்ல கை. போட்டுக்கங்க," என்றார்.

எழுத்தர் பேனா மூடியைக் கழற்றினார்.

காலையிலிருந்து முறுக்கிக்கொண்டு நின்ற உடம்பு அந்தச் சொல்லில் தளர்ந்தது. தளர்ந்த உடம்பு, யாரையும் கேட்காமல், தன் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

கத்தரிகளை ஒவ்வொன்றாக மூடித் தட்டில் வரிசையாக வைத்தாள். சுவர்வரை பின்வாங்கினாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"வெறுங்கை," என்றாள்.

வாயைவிட்டுப் போன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. போன தேர்வில் பல்லைக் கடித்து அடக்கிய சொல்.

"என் கணக்கு," என்றார் தேர்வாளர்.

எழுத்தர் நிமிர்ந்தார். "எந்தக் கணக்கு மேடம்?"

தேர்வாளரின் சுட்டுவிரல் கத்தரிகளின் மேல், எண்ணிக்கொண்டிருந்த இடத்தில், அப்படியே நின்றிருந்தது.

அக்கா அந்த விரலையே பார்த்தாள்.

சிறையில் முடிவெட்டும் அறையின் வழக்கம் அது. வேலை முடித்தவள் கத்தரிகளை விட்டு விலகி வெறுங்கை என்று சொல்ல வேண்டும். அடுத்து வேலைக்கு நிற்பவள் எண்ணிப் பார்த்து, என் கணக்கு என்று ஏற்றுக்கொண்டால்தான் முதலாமவள் நகரலாம். காவலர்கள் அதைச் சொல்வதில்லை. அவர்கள் கதவுக்கு வெளியே நிற்பார்கள்.

அதைச் சொல்கிறவள் கைதி மட்டும்தான்.

கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்வாளரின் முகம் வெளுத்திருந்தது. எந்த ஊர்ச் சிறையோ, எத்தனை வருடத்துக்கு முந்தியோ. யாரிடமும் சொல்லாமல்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். சொல்லியிருந்தால் வந்திருக்கவே முடியாது.

"மேடம், தேர்ச்சின்னு எழுதிடவா?"

தேர்வாளர் விரலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்." குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "கத்தரியைத் திறந்தே வெச்சுட்டாங்க. பாதுகாப்பு விஷயம், விட முடியாது. திரும்ப விண்ணப்பிக்கட்டும்."

எழுத்தர் இருந்த இடத்திலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுதினார்.

அக்காவுக்கு ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் போதும். தன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய அதே விதி, அந்த அம்மாவையும் இந்த அறையிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

அவள் தங்கையின் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். அதை உதறிய உதறலில் முடி அறையெங்கும் பறந்தது.

தேர்வாளர் தலை தூக்கவில்லை.

நடைவழியில் தங்கை பொங்கினாள். "என்ன அநியாயம்க்கா இது? நீ ஒவ்வொண்ணா மூடி வெச்சத நான் கண்ணாடியில பாத்துட்டேதான இருந்தேன். நில்லு, நான் போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

திரும்பப் போனவளின் மணிக்கட்டை அக்கா பிடித்து நிறுத்தினாள்.

"நீ சரியாப் பாக்கலடி," என்றாள். "ஒண்ணு திறந்துதான் இருந்துச்சு."