அரை மணி கழித்துத் தண்ணீர்

பன்னிரண்டரைக்கு அம்மா கடைசி மிடறு தண்ணீரைக் குடித்தாள். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டாளா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்ல. சாப்பிடுறப்போ நான் ஏன் தண்ணி குடிக்கலைன்னு கேட்டா, இப்பத்தான் குடிச்சாள்னு சொல்லுங்க. அதுக்கு மேல பேச்சை வளர்க்காதீங்க."

"போன மாசமும் இதையேதான் சொன்னேன். வேற பொய் ஏதாவது யோசிச்சு வைக்கக் கூடாதா?"

அம்மா மேசைத் துணியை இழுத்து நேராக்கினாள். நேராக இருந்ததை மறுபடி இழுத்தாள்.

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு, அம்மா நடந்தே இளைத்தவள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அதற்கு அரை மணி முன்னும் பின்னும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீறினால் உள்ளே போனது அப்படியே திரும்பி வரும். ஒருமுறை வந்தும் இருந்தது.

முதலில் விளையாட்டாகத்தான் சொன்ன பொய். மகள் அதை நம்பினாள். தையல் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே உடம்பு வைத்தவள், விடியற்காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்தாள். முழங்கால் வீங்கியதே தவிர உடம்பு குறையவில்லை. "உனக்கு மட்டும் எப்படிம்மா?" என்று ஒருநாள் போனில் அழுதாள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மகள் வந்தாள். பிடித்துத் தைத்த அம்மாவின் சட்டைகளை நாற்காலியில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு இஞ்ச் உள்ள தள்ளியிருக்கேன். இதுக்கு மேல இளைச்சா புதுத் துணிதான் எடுக்கணும்."

"உங்கம்மா நடக்கிற நடைக்கு ரோட்டுக்குத்தான் புதுத் துணி போடணும்" என்றார் அப்பா.

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

மேசையில் உட்கார்ந்ததும் மகள் தன் தட்டை நகர்த்திவிட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள்.

"என்னடி அது?"

"சூப். பல் வலி. மெல்ல முடியல."

"எந்தப் பல்லு?"

"எல்லாப் பல்லும்தான்."

"போன வாரம் போன்லயும் கஞ்சித் தண்ணிதான் குடிச்சேன்னு சொன்ன."

"அப்பவும் வலிதான்."

அம்மா பிளாஸ்க்கையே பார்த்தாள். பல்லும் இல்லை, வலியும் இல்லை. இந்தப் பெண் பட்டினி கிடக்கிறாள். நடந்து குறையாததைக் கிடந்து குறைக்கப் பார்க்கிறாள். ஒருநாள் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுவாள். அதற்கு யார் பொறுப்பு?

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். இவர் எதிரில் வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும்.

யோசனையில், வாயில் இருந்த கோழித் துண்டை மெல்லாமலே விழுங்கிவிட்டாள்.

அது நெஞ்சுக் குழியில் நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயில் எச்சில் ஊறியது.

"ஐயோ, தண்ணியைக் குடி" என்று அப்பா பழக்கதோஷத்தில் தன் குவளையை நீட்டினார். மகள் அவர் கையோடு சேர்த்துக் குவளையைத் தள்ளி வைத்தாள்.

"கொட்டிடப் போறீங்கப்பா. அம்மா, நீ எழுந்து கொஞ்சம் நட."

அம்மா எழுந்தாள். கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தோளை ஆட்டினாள், சுவரைப் பிடித்து நின்றாள், மறுபடி நடந்தாள். கடைசியில் அது மெல்ல இறங்கியது.

"புரையேறிடுச்சு" என்றாள், யாரும் கேட்காமலே.

"ஆமா, ஆமா, புரைதான்" என்றார் அப்பா, தேவைக்கு மேல் சத்தமாக. பிறகு தன் தட்டோடு டிவி பக்கம் நழுவினார்.

மகள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அம்மா வாசலுக்குப் போய்ச் செருப்புகளை ஒழுங்காக வைத்தாள். திரும்பி வந்து, மகள் கொண்டுவந்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மடித்தாள். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. தண்ணீருக்குத்தான் நேரம் இருந்தது, பேச்சுக்கு இல்லை. மகள் இன்னும் சிறிது நேரத்தில் கடைக்குக் கிளம்பிவிடுவாள்.

சட்டைகளை அப்படியே போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படாதே."

மகள் திரும்பவில்லை. குழாயடியில் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பட்டினி கிடக்காதடி. நான் நடந்தேன்னு சொன்னது..."

அம்மா பாத்திர மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கனவே துடைத்திருந்த மேடை.

"நான் நடந்து..."

மகள் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில், இருட்டில் தனியாகப் போகச் சொன்னால் வருமே, அந்த முகம்.

"எனக்கும் வியாழக்கிழமை அதே ஆபரேஷன்தான். முந்தின நாள் ராத்திரி நீ தூங்கினியாம்மா?"